கல்குவாரிப் பக்கம் சாய்ந்த லீவர்

ஒபதியா ஸ்கோவிலின் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் தாது ரயிலின் இரண்டு பெட்டிகள் தின்றுவிட்டன. பெட்டிகளைக் கோக்க வேண்டுமென்றால் நடுவே போய் நின்று, இரும்பு வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிர்ப்பெட்டி வந்து இடிக்கிற கணத்தில் கையை உருவிக்கொள்ள வேண்டிய காலம் அது. அவன் ஒரு கண்சிமிட்டல் பிந்தினான், அவ்வளவுதான். ஆட்கள் அவனை ஏழுவிரலு என்று கூப்பிட்டார்கள். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. விரல் குறைந்த பிரேக்காரன் என்றால் பழகின ஆள் என்று அர்த்தம். பத்து விரலோடு வேலை கேட்டு வருகிறவனைத்தான் மேஸ்திரிகள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

காயம் ஆறியதும் அவனைப் பெட்டிமேலிருந்து இறக்கி, ஹார்னெட் வளைவில் வண்டிக்குப் பாதை மாற்றிவிடுகிற பாயின்ட்காரனாகப் போட்டார்கள். மெரிடெல் சுரங்கத்திலிருந்து வெள்ளித் தாது ஏற்றிக்கொண்டு கீழே வருகிற பாதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஹோல்கம் ஊருக்கு இறங்குகிற மெயின் லைன். இடது பக்கம் பழைய கல்குவாரிக்குப் போட்ட கிளை. குவாரியை மூடி வெகுநாளாகிவிட்டது. கிளை மட்டும் அப்படியே கிடந்தது. கொஞ்ச தூரம் போய்ப் பள்ளத்தாக்கின் விளிம்பில், குறுக்கே போட்ட இரண்டு மரக்கட்டைகளோடு அது முடிந்துவிடும். அந்தக் கட்டைகள் ஒரு காலிப் பெட்டியை நிறுத்தும். தாது ஏற்றின வண்டியை நிறுத்தாது.

கூர்முனை வைத்த இந்தக் காலத்துப் பாயின்ட் அல்ல அது. பழைய வெட்டுப் பாயின்ட். மேலேயிருந்து வருகிற தண்டவாளம் அங்கே மொட்டையாக வெட்டுப்பட்டு நிற்கும். அதன் நுனியை லீவரால் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி, மெயின் லைன் நுனிக்கு நேராகவோ குவாரி நுனிக்கு நேராகவோ கொண்டுவந்து வைக்க வேண்டும். லீவர் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் நிற்கும். அந்தந்தப் பக்கத்துக்கு ஒரு பள்ளம், லீவர் அதில் விழுந்து உட்கார்ந்தால்தான் பாதை பூட்டிக்கொண்டது என்று பொருள். நுனிக்கும் நுனிக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவு இடைவெளி இருக்கும். வெயில் ஏறினால் இரும்பு நீளும், இடைவெளி அடைபடும், நுனிகள் பல்லைக் கடித்த மாதிரி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் நாலு கோவேறு கழுதையைப் பூட்டி இழுத்தாலும் நகராது. ஆகவே வெயிலில் லீவரைத் தொடக் கூடாது என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். நான் ஜல்லி சுமந்து ஆரம்பித்து, கேங் மேஸ்திரியாகி, என் பெயரைச் சொல்லிப் பாலத்தைக் காட்டுகிற அளவுக்கு வந்தவன். அந்தப் பாதையில் என் கை படாத சிலிப்பர் கட்டை குறைவு. தெரியாமல் சொல்லவில்லை.

ஒபதியாவுக்கு ஆசா என்று ஒரு தம்பி. மெரிடெல் வண்டியில் பிரேக்காரன். அப்போதெல்லாம் டிரைவர் கையில் பிரேக் கிடையாது. இஞ்சின் ஊதினால் பிரேக்காரன் ஓடுகிற வண்டியின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போய், ஒவ்வொரு சக்கரப்பிடியாகக் கையால் திருகி இறுக்கவேண்டும். ஆசா அதை விளையாட்டாகச் செய்வான். பனி உறைந்த கூரையில் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடப்பான்.

அவனை மிசௌரியிலிருந்து கூட்டி வந்ததே ஒபதியாதான். அம்மா வேண்டாம் என்று அழுதாள். என் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்கிறேன், ஒரு கீறல் படாது என்று சத்தியம் செய்துவிட்டுக் கூட்டி வந்தான். வந்த ஆறாம் மாதம் ஒபதியாவின் விரலே போயிற்று. அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சின்னவனை நினைத்து அவள் தூங்கமாட்டாள். அம்மாவுக்கு எழுதுவது ஆசாதான். இரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம் என்று எழுதுவான். ஒவ்வொரு நாளும் வண்டி வளைவு திரும்பும்போது ஒபதியா லீவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கூரைமேல் அந்தத் தொப்பி தெரிகிறதா என்று பார்ப்பான். தெரிந்தபிறகுதான் மூச்சை விடுவான்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் போட்டோக்காரர் லிண்ட்கிரென் வந்தார். ஸ்வீடன்காரர். கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் ஒரு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, பாலம் பாலமாகப் படம் பிடித்துக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தார். ஒபதியா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அந்தப் பாயின்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்த மாதிரிப் பழைய பாயின்ட்டை இனிமேல் எங்கேயும் பார்க்க முடியாது, இதோடு உங்களையும் சேர்த்து ஒரு படம் எடுக்கிறேன், ஊருக்கு அனுப்பிக்கொள்ள ஒரு பிரதி இனாமாகத் தருகிறேன் என்றார்.

ஒபதியாவை அதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. பாயின்ட் பக்கத்திலிருந்த தன் குடிசைக்குள் போய் முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அம்மா இதைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள் என்று நினைக்கும்போதே நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

சிக்கல் கையில் வந்தது. முக்காலியை வைக்க அங்கே ஒரே இடம்தான் இருந்தது, மற்ற பக்கமெல்லாம் சரிவு. அங்கிருந்து பார்த்தால், மெயின் லைன் பக்கம் சாய்ந்திருந்த லீவரைப் பிடிக்க இடது கைதான் முன்னால் வந்தது. மூன்று விரல் இல்லாத கை, படத்தின் நட்டநடுவில். லிண்ட்கிரென் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

“லீவர அந்தப் பக்கம் தள்ளிட்டா வலது கை முன்னால வந்துரும். இந்தக் கை கோட்டுக்குப் பின்னால மறைஞ்சிரும். உங்கம்மா பாக்கப்போற படம். யோசிச்சுச் சொல்லுங்க.”

ஒபதியா யோசித்தான். வானம் முழுக்க மேகம். தண்டவாளத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான், சில்லென்றுதான் இருந்தது. வண்டி மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். அதற்குள் பத்து தடவை திருப்பி வைத்துவிடலாம். பூட்டைத் திறந்து லீவரைத் தூக்கித் தள்ளினான். தண்டவாளம் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்து, குவாரி நுனிக்கு நேராகப் போய் நின்றது.

முதல் தகட்டில் அவன் அசைந்துவிட்டான். இன்னொன்று எடுக்கலாம் என்றார் போட்டோக்காரர். ஆனால் வெளிச்சம் போதாது, மேகம் விலகட்டும் என்று காத்திருக்க வைத்தார். மேகம் மெதுவாகத்தான் விலகியது. விலகினபிறகு, காற்று மெலிந்த மலை உயரத்தில் அடிக்கிற அந்த வெயில் சுள்ளென்று இறங்கியது. புதுத் தகட்டைச் செருகி, வெளிச்சத்தைச் சரிபார்த்து, வெகுநேரம் கழித்துத்தான் அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் கேமரா மூடியைக் கழற்றினார்.

அப்போது ஒபதியாவின் காலடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அது என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியும். இரும்பு நீளுகிற சத்தம். இன்னொரு ‘டிக்’. திரும்பிப் பார்க்க வேண்டும், ஆனால் மூடி திறந்திருக்கிறது, அசைந்தால் இந்தத் தகடும் வீண். முதுகில் வேர்வை கோடாக இறங்கியது. உதட்டைக்கூட அசைக்காமல் நின்றான். அந்தப் படம் பிற்பாடு பல இடங்களில் மாட்டப்பட்டது. என்ன கம்பீரம், என்ன உறுதி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பயத்தில் உறைந்துபோன மனுஷன் கம்பீரமாகத்தான் தெரிவான்போலிருக்கிறது.

மூடி மாட்டின உடனே லீவரைப் பிடித்து இழுத்தான். பள்ளத்திலிருந்து மேலே வந்தது, அதற்குமேல் அசையவில்லை. உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தான். குனிந்து நுனிகளைப் பார்த்தான். இடைவெளி இல்லை. நகம் என்ன, ஒரு மயிரிழைகூட நுழையாது.

கடப்பாரையை எடுத்துவந்து நெம்பினான். சம்மட்டியால் அடித்தான். அடித்த இடத்தில் பொறிதான் பறந்தது. குடிசையில் இருந்த வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோனது, இரும்பு ஆறவில்லை. ஓடைக்கு இறங்கி ஏற வேண்டுமானால் வெகுநேரம் ஆகும். லிண்ட்கிரென் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானும் வந்து இழுத்தார். அவருக்கு மூச்சு இரைத்தது. கடலோரத்து ஆள், அந்த உயரம் பழகவில்லை.

சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு மேலே போய் வண்டியை நிறுத்தலாமே என்று அவர்தான் முதலில் சொன்னார். ஒபதியா காதில் வாங்காதவன் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தான். அவர் மறுபடி சொன்னபோது சம்மட்டியைக் கீழே போட்டான்.

“நிறுத்தினா கேப்பாங்கய்யா. குவாரிப் பக்கம் எதுக்குத் திறந்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? படம் புடிக்கவா?”

“வேலைதானே போகும்?”

“இந்தக் கைக்கு வேற எவன் வேலை குடுப்பான்?”

இன்னொன்றும் இருந்தது, அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தச் சரிவில் தாது வண்டியைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. பிரேக்காரன் கூரையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். போன குளிர்காலத்தில் அப்படி ஓடி இரண்டு பெட்டிக்கு நடுவே விழுந்த ஒருவனின் உடலை ஒபதியாவே தூக்கி எடுத்திருக்கிறான். நிறுத்தினாலும் ஆசா, நிறுத்தாவிட்டாலும் ஆசா. எந்தப் பக்கம் நினைத்தாலும் தம்பியின் தொப்பிதான் கண்ணில் வந்து நின்றது. தண்டவாளம் ஆறிவிடும், ஒரு மேகம் வந்தால் போதும் என்று வானத்தைப் பார்த்தான். கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

அப்படிப் பார்த்தபோதுதான் மலையைக் குடைந்து வெட்டின இடத்தில், வெயிலே படாத மூலையில், போன குளிர்காலத்துப் பனி அழுக்காகக் குவிந்து கிடப்பது கண்ணில் பட்டது. ஒபதியா ஓடினான். சட்டியில் அள்ளினான். லிண்ட்கிரென் தன் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து விரித்தார். இரண்டு பேரும் மூட்டை கட்டி இழுத்து வந்து, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பனியை அப்பினார்கள். உருக உருகத் திரும்பத் திரும்ப ஓடி அள்ளி வந்து அப்பினார்கள். ஒபதியாவுக்குக் கை மரத்துப்போனது. இல்லாத விரல்களும் வலித்தன.

லீவரை இழுத்துப் பார்த்தான். ஒரு முனகல். ஒரு நெல் அளவு நகர்ந்த மாதிரி இருந்தது. மறுபடி பனி அப்பக் குனிந்தான்.

மேலேயிருந்து நீளமாக ஓர் ஊதல் வந்தது.

அது வண்டி உச்சியைத் தாண்டிவிட்டது, இனிமேல் இறக்கம், பிரேக்கைப் போடு என்று டிரைவர் சொல்கிற ஊதல். சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லை. சுரங்கத்தில் சீக்கிரம் ஏற்றி முடித்து அனுப்பிவிட்டார்கள்போல. ஒபதியா எழுந்து, குடிசை வாசலில் செருகியிருந்த சிவப்புக் கொடியை உருவி லிண்ட்கிரென் கையில் திணித்தான்.

“வளைவு தாண்டி ஓடுங்க. நடுத் தண்டவாளத்துல நின்னு ஆட்டுங்க. என் தம்பி அதுல இருக்கான்யா.”

அதுவரை இதை அவர் அறியவில்லை. இருமிக்கொண்டே ஓடினார், ஓரிடத்தில் விழுந்தார், எழுந்து ஓடினார். வளைவில் மறைந்தார்.

ஒபதியா தனியாக நின்றான். பனி, லீவர், பனி, லீவர். நேரம் எவ்வளவு போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. தண்டவாளம் மெல்ல நடுங்க ஆரம்பித்தது உள்ளங்காலில் ஏறியது. அப்புறம் குட்டை குட்டையாகக் கத்துகிற ஊதல். டிரைவர் கொடியைப் பார்த்துவிட்டான், பிரேக்கை இறுக்கச் சொல்லி அலறுகிறான். ஆசா இப்போது கூரையில் ஓடிக்கொண்டிருப்பான். ஒபதியா அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். இரும்பு தேய்கிற சத்தம் மலை முழுவதும் பரவியது. அது நிற்கப்போகிற சத்தம் இல்லை. மெதுவாகும், நிற்காது. அவன் கேட்டுப் பழகின காது.

லீவரின் மேல் நெஞ்சைக் கொடுத்துத் தொங்கினான். கவ்வியிருந்த நுனி பட்டென்று விட்டது. தண்டவாளம் கிறீச்சிட்டு நகர்ந்தது. பாதி தூரம், முக்கால் தூரம், மெயின் லைன் நுனிக்கு நேராக வந்தது. ஆனால் லீவர் பள்ளத்தில் விழவில்லை. ஒரு விரல்கடை மேலேயே நின்றது. வண்டி வளைவில் திரும்பிவிட்டது. இனி பனி இல்லை, சம்மட்டி இல்லை. ஒபதியா லீவரின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

இஞ்சின் பாயின்ட்மேல் ஏறியபோது லீவர் அவன் விலா எலும்பில் உதைத்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உதை. விட்டுக்கொடுத்தால் அடுத்த சக்கரம் குவாரிப் பக்கம் போகும், பின்னால் வருவதெல்லாம் அதைத் தொடர்ந்து போகும். எத்தனை பெட்டி என்று எண்ணத் தைரியம் வரவில்லை. முகத்தில் கரித்தூளும் நீராவியும் அடித்தன. மேலே யாரோ சிரித்த மாதிரிகூட இருந்தது. கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் குறைந்தபிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

வண்டி கீழே சமதரையில் போய் நின்றது. லிண்ட்கிரென் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து பிரித்து எடுத்தார். அதற்குள் ஆசா தண்டவாளத்தோடு நடந்து மேலே வந்துகொண்டிருந்தான். கரி பூசின முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

“டிரைவர் கேலகர் சம்மட்டியத் தேடிட்டு இருக்காரு, அந்தப் போட்டோக்காரர் மண்டைய உடைக்க. படம் எடுக்கக் கொடி காட்டி வண்டிய நிறுத்துவாங்களாண்ணே? நீ வேற கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு லீவரக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிற, பொண்டாட்டிய முதமுதலாப் பாத்தவனாட்டம். மேல நின்னு சிரிச்சு வயிறு வலிக்குது.”

போட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது அந்த மலையில் புதிதல்ல. ஆகவே எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். லிண்ட்கிரென் ஒபதியாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆசாவிடம், ஆமாம் தம்பி, தப்பு என்னுடையதுதான், டிரைவரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். கழுதையைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்தார். கேலகர் அவரை என்னென்ன திட்டினான் என்பதை நான் கேலகர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இங்கே எழுத முடியாது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். பொய் தயாராகக் கையில் இருந்தது, வேலையும் பிழைத்தது. ஆனால் ஆசா சிரித்துக்கொண்டே நின்றதை ஒபதியாவால் தாங்க முடியவில்லை. உட்காருடா என்றான். மேகம், கை, அம்மா, ‘டிக்’ சத்தம், எல்லாவற்றையும் சொன்னான். கொடியை எடுக்காமல் வெகுநேரம் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்ததையும் விடாமல் சொன்னான்.

ஆசா முதலில் கேலி என்று நினைத்தான். பிறகு தண்டவாளத்தின் ஓரத்தில் உருகிக்கொண்டிருந்த அழுக்குப் பனியைப் பார்த்தான். எழுந்து போய்க் குவாரிக் கிளையில் கொஞ்ச தூரம் நடந்து, அந்த இரண்டு கட்டைகளுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகத்தில் கரியைத் தவிர வேறு நிறமே இல்லை.

“கைய மறைக்கவாண்ணே?”

ஒபதியா அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அம்மா கையப் பாத்தா அழுதுட்டுப் போயிருக்கும். அவ்ளோதான.”

அதற்குமேல் அவன் திட்டவில்லை. தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்கிப் போனான். யாரிடமும் சொல்லவும் இல்லை. எனக்கே வெகுகாலம் கழித்து ஒபதியா சொல்லித்தான் தெரியும். வழக்கம்போலச் சம்பள நாளன்று ஏறி வந்து, அண்ணனோடு அவரைப்பயறும் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் போவான். பேச்சில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு இந்த முறை கையைப் பற்றி எழுதிப்போட்டான். அவள் அழுதாளோ என்னவோ, இரண்டு ஜோடிக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பினாள். இடது கை உறைகளில் விரல் இரண்டுதான்.

ஆனால் மறுநாள் வண்டி வளைவு திரும்பியபோது ஒபதியா கூரையைப் பார்த்தான், தொப்பி இல்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஆசா கூரைமேல் இல்லை, பெட்டியின் பக்க ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தான். மலைப்பக்கம் முகம், ஒரு கால் ஏணியில், ஒரு கால் வெளியே காற்றில். குதிக்கத் தயாராக. பாயின்ட்டைத் தாண்டியதும் மேலே ஏறிக்கொண்டான். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். பனி உறைந்த கூரையில் பாக்கெட்டில் கையை விட்டு நடந்த பையன், தன் அண்ணன் நிற்கிற இடம் வந்தால் மட்டும் ஏணிக்கு இறங்கினான்.

ஒபதியா அதைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், வண்டி வருகிற நேரத்துக்கு லீவரைப் பூட்டிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் தள்ளி நிற்க ஆரம்பித்தான். லீவர் தனியாக, பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்து நிற்பது தூரத்திலிருந்தே தம்பியின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. அவனைப் பார்த்து மற்ற பாயின்ட்காரர்களும் அப்படியே தள்ளி நிற்கப் பழகினார்கள். கேட்டால், வண்டி வரும்போது லீவரிடம் நிற்கக் கூடாது, அது ராசியில்லை என்பார்கள். என் ஆட்களையும் நான் அப்படித்தான் நிறுத்தினேன், ஒரு விபத்து கிடையாது.

பாயின்ட்டை மாற்றிக் கூர்முனைத் தண்டவாளம் போடும்வரை எத்தனையோ வருஷம் ஒபதியா அந்தப் பக்கம் நின்றான். ஆசா பிரேக்காரனாக இருந்தவரை, அண்ணனைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டேதான் போனான். ஏணிக்கு வெளியே நீட்டியிருந்த காலை மட்டும் உள்ளே எடுக்கவில்லை.